ரெனாட்டேயின் பாட்டைக் கேட்க லண்டனுக்கு

இந்த வலைப்பூவில் வழக்கமாக ஐரோப்பிய ஊர்களுக்குப் பஸ்ஸில் போய்வருவது பற்றித்தான் எழுதுவேன். போன மாதம் ஒரு வாசகி, லண்டனில் ஓபரா பார்க்க ஆசை, எப்படிப் போவது, எங்கே இருப்பது என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தால் 1995ஆம் ஆண்டு மார்ச் மாதப் பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பஸ் நேரங்களும் கட்டணமும் இப்போது மாறியிருக்கும். மற்றதெல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது.

ஓபராவை அறியாதவர்களுக்கு ஒரு வரி: கதை முழுவதையும் பெரிய வாத்தியக்குழுவோடு பாடியே நடிக்கும் நாடகம் அது. பாடுபவர்களுக்கு மைக் கிடையாது. இரண்டாயிரம் பேர் இருக்கும் மண்டபத்தைத் தொண்டையால் மட்டும் நிரப்ப வேண்டும்.

நான் அப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தேன். 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி முகாமில் இரண்டு வருடம் இருந்து, வேலை செய்யலாம் என்று கடிதம் கிடைத்ததும் நான் போய்ச் சேர்ந்த இடம் அந்த நகரத்து நாடக அரங்கின் தையல் அறை. முதலில் இஸ்திரி போட்டேன். பிறகு மேடைக்குப் பக்கத்தில் நின்று, பாடகிகளுக்கு உடுப்பு மாற்றிவிடும் வேலை. அங்கேதான் ரெனாட்டேயைச் சந்தித்தேன். என் ஜெர்மன் மொழியில் பாதி அவளிடமிருந்து வந்தது. கொக்கி மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொல்லுவாள், நான் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லுவேன்.

ரெனாட்டே வீடு கட்டும் சாமான் விற்கும் கடையில் கணக்கெழுதும் பெண்ணாகத் தொடங்கியவள். இருபத்திரண்டு வயதில்தான் பாட்டுப் படிக்கப் போனாள். அந்தத் தொழிலில் அது பிந்திய வயது. பதினெட்டு வருடம் அந்தச் சின்ன அரங்கில் பாடினாள். வேலைக்காரி, தாதி, மூன்றாவது கன்னியாஸ்திரி, திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும் குரல். அவளுடையது கனமான, தாழ்ந்த பெண்குரல். அந்தக் குரலுக்கென்றே எழுதப்பட்ட ஒரு பாத்திரம் உண்டு. ஆற்றோரத்தில் சத்திரம் நடத்தும் ஒரு பெண். மூன்றாம் அங்கத்தில் சத்திரம் எரிந்துபோக, தனியாக மேடையில் நின்று நாற்பது நிமிடம் பாட வேண்டும். 1988இல் எங்கள் அரங்கில் அந்த ஓபராவைப் போட்டார்கள். ரெனாட்டே ஒரு வருடம் முன்பிருந்தே முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தாள். பாத்திரத்தை வெளியூரிலிருந்து வந்த இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ரெனாட்டேக்கு அதிலும் வேலைக்காரிதான். முதல் நாள் மேடைக்குப் போகுமுன் என்னிடம் முதுகைக் காட்டி நின்று, "இறுக்கிக் கட்டு" என்று மட்டும் சொன்னாள்.

1990இல், நாற்பத்தைந்து வயதில், காரை விற்றுவிட்டு லண்டனுக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய ஓபரா அரங்கில் அவளுக்குக் கிடைத்த வேலைக்கு 'கவர்' என்று பெயர். பெரிய பாடகி நோயில் விழுந்தால் அவருக்குப் பதிலாகப் பாடும் ஆள். முழுப் பாத்திரத்தையும் படித்து, ஒத்திகை பார்த்து, உடுப்புக்கு அளவும் கொடுத்து, மேடை நாளில் அரங்கிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள்ளே காத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் காத்திருந்தாள். ஒருநாளும் கூப்பிடவில்லை. 1995 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது: "இந்த முறை நான் கவர் பண்ணுவது சத்திரக்காரியை. மார்ச்சில் வா. நான் பாடாவிட்டாலும் உனக்கு டிக்கெட் எடுத்துத் தருவேன்."

இனிப் பயணம். டோர்ட்முண்டில் செவ்வாய் இரவு எட்டு மணிக்குப் பஸ். போகவர 139 ஜெர்மன் மார்க். பெல்ஜியத்தைத் தூக்கத்தில் கடந்து, காலேயில் கப்பலேறி, ஒன்றரை மணி நேரத்தில் டோவர். கப்பலில் தேத்தண்ணி வாங்காதீர்கள், பிளாஸ்கில் கொண்டுபோங்கள். டோவரில் என் இலங்கைப் பாஸ்போர்ட்டை அதிகாரி நான்கு தரம் புரட்டினார். திங்கட்கிழமையோடு என் ஜெர்மன் வதிவிட அனுமதி முடிகிறது. திங்கள் காலை எட்டரைக்கு நான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். அதனால் பிரிட்டிஷ் விசாவே ஞாயிறு வரைதான். பஸ்ஸோ வாரத்தில் இரண்டு நாள் மட்டும். சனி இரவு ஒன்பதரை பஸ்ஸை விட்டால் எல்லாம் குழம்பும். இதை அதிகாரிக்கும் சொன்னேன். அவர் சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

புதன் காலை ஏழு மணிக்கு விக்டோரியா பஸ் நிலையம். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் பிளேஸ்டோ, முப்பத்தைந்து நிமிடம். நாள் முழுக்கச் செல்லுகிற டிக்கெட் எடுங்கள், மூன்று பவுண்டு சொச்சம். நான் தங்கப்போவது அங்கேயிருக்கும் சாந்தி அக்கா வீட்டில். அக்கா வாசலிலேயே நின்றா. அத்தான் பெட்ரோல் ஸ்டேஷனில் நைட் ஷிப்ட் முடித்து மேலே படுத்திருந்தார்.

"நாலு நாள் வந்திருக்கிறாய், அதிலயும் ரெண்டு நாள் வெள்ளைக்காரியின்ர கூத்துப் பார்க்கப் போறியோ?" என்று அக்கா கேட்டா.

"ஓம் அக்கா."

"சரி, உவவை இஞ்ச ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா. ஆரெண்டு பார்ப்பம்."

அன்று மாலை நாலு மணிக்கு அரங்கின் பின்வாசலில் ரெனாட்டேயைக் கண்டேன். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. இடுப்பில் ஒரு பேஜர் தொங்கியது. யாராவது தேடினால் கூவி, கூப்பிட வேண்டிய நம்பரைக் காட்டும் சின்னப் பெட்டி. அவள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற பகுதியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். அங்கிருந்து அரங்குக்கு நாற்பது நிமிடம், விதிப்படி பத்து நிமிடம் அதிகம். அதனால் மேடை நாட்களில் நாலு மணிக்கே வந்து உள்ளே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துவிடுவாள். மேடையில் நடப்பது அங்கே ஒரு ஒலிபெருக்கியில் கேட்கும்.

நாங்கள் ஜெர்மனில் கதைத்ததை என் தமிழில் எழுதுகிறேன், வேறு விதமாக எனக்கு வராது.

"ஐஞ்சு வருசமும் இஞ்சதான் இருந்தனியோ?" என்று கேட்டேன். அந்த அறையில் ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, ஜன்னல் இல்லை.

"இஞ்சதான். உடுப்புப் போடுறதுக்கு ஆள் இல்லை, அதுதான் குறை" என்றாள்.

அன்று இரவு எனக்கு நாலாவது வரிசையில் ஓரத்து இருக்கை. சத்திரக்காரியாகப் பாடியவர் பெரிய பெயர் உள்ளவர், நாற்பது வயதிருக்கும். நன்றாகவே பாடினார். மூன்றாம் அங்கத்தில் என் பக்கத்திலிருந்த கிழவர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் ஒருத்தி இதே சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள் என்பதுதான் மனதில் இருந்தது. முடிந்ததும் அவளிடம் சொன்னேன், "அவ நல்லாத்தான் பாடுறா."

"நல்லாப் பாடுறா. நல்ல மனுசியும். ஒத்திகையில எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தருவா. அதுதான் எனக்குக் கஷ்டம்" என்றாள் ரெனாட்டே.

வியாழன் பிளேஸ்டோவில் சாப்பாடு. அக்கா இடியப்பம், சொதி, கோழிக்கறி என்று மேசையை நிரப்பியிருந்தா. ரெனாட்டே சொதியை மட்டும் தொட்டாள்.

"ஏனாம், உறைப்போ?" என்று அக்கா கேட்டா.

"நெஞ்செரிச்சல் வந்தால் குரல் போயிடுமாம். சனிக்கிழமை கச்சேரி இருக்கு" என்றேன்.

"சனிக்கிழமை மற்றவவெல்லோ பாடுறா?"

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அக்கா விடுகிற ஆள் இல்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேரே கேட்டா, ஒரு பாட்டுப் பாடுங்கோ என்று. ரெனாட்டே நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். சனிக்கிழமை முடியும்வரை முழுக்குரலில் பாடமாட்டேன், தேவைப்படலாம் என்றாள்.

அக்கா தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னா: "ஒருத்தரும் கூப்பிடாத பாட்டுக்கு ஏன் பிள்ளை இந்தப் பத்தியம்? பாவமாக் கிடக்கு."

ரெனாட்டே என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லுறா?"

"இன்னும் கொஞ்சம் சொதி விடட்டாம்" என்றேன்.

அவள் கோப்பையை நீட்டினாள். நம்பவில்லை என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தீர்மானித்திருந்தேன். ரெனாட்டே தானும் வருவேன் என்றாள். பிளேஸ்டோவிலிருந்து போகிறவர்கள் கவனியுங்கள்: டிஸ்ட்ரிக்ட் லைன்தான், ஆனால் ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி விம்பிள்டன் வண்டிக்கு மாற வேண்டும். எல்லாமாக ஒன்றேகால் மணி நேரம். பிறகு இருபது நிமிட நடை. அந்த நடையின் பாதியில் அவளுடைய பேஜர் கூவியது.

ஐந்து வருடத்தில் அது சோதனைக்காக ஒருதரம் கூவியதாம். இது இரண்டாவது. ரெனாட்டே நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு வீதி முனையிலிருந்த போன் பெட்டிக்கு ஓடினாள், நான் சில்லறை தேடிக்கொண்டு பின்னால். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். "யெஸ், யெஸ், ஐ ஆம் ரெடி" என்று மட்டும் கேட்டது.

வெளியே வந்து சொன்னாள்: "அவவுக்குத் தடிமன். சளி, இருமல். நாளைக்குப் பாடுவாவோ இல்லையோ தெரியாது. என்னைத் தயாரா இருக்கட்டாம்."

மிச்சத் தூரத்தையும் நடந்தோம்.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். பகல் பூசைக்கு முன், கூட்டம் இல்லை. ரெனாட்டேயின் பெயரில் ஓர் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். ஐயர் பெயரை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டு, "நட்சத்திரம்?" என்றார்.

"தெரியாது ஐயா. பிறந்த நாளைக் கேட்டுச் சொல்லட்டோ?" என்று விட்டு அவளிடம் திரும்பினேன்.

அவள் தோளைக் குலுக்கினாள். "1945 குளிர்காலம். நாளை அம்மாவுக்கே தெரியாது" என்றாள்.

எட்டு வருடப் பழக்கத்தில் இது எனக்குத் தெரியாத கதை. அவளுடைய தாய், அப்போது ஜெர்மனியின் கிழக்கு மூலையாக இருந்த கிழக்குப் பிரசியாவில் இருந்தவள். யுத்தம் முடிகிற நேரம் ரஷ்யப் படை வர, ஊரே ஓடியது. வயிற்றில் பிள்ளையோடு, உறைந்துபோன கடலேரியின் மேல் மற்றவர்களோடு நடந்து வந்து, வழியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் ரெனாட்டேயைப் பெற்றாள். எத்தனை நாள் நடந்தோம் என்ற கணக்கு எல்லோருக்கும் விட்டுப்போயிற்று. பிறகு ஒரு முகாமில் பதியும்போது எழுதுகிற மனிதன் திகதி கேட்க, தாய் வாயில் வந்த ஒன்றைச் சொன்னாள். ஏழு வயதுவரை ரெனாட்டே வளர்ந்தது அகதிகளுக்குப் போட்ட பலகைக் கொட்டகையில். இதையெல்லாம் அவள் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

முகாமில் இருந்த இரண்டு வருடத்தைப் பற்றி எத்தனை முறை அவளிடம் புலம்பியிருக்கிறேன்! ஒருதரமாவது "நானும்தான்" என்று அவள் சொன்னதில்லை.

ஐயரிடம், "நாள் தெரியாதாம், யுத்த நேரமாம்" என்றேன்.

"எங்கட சனத்திலயும் இப்ப கன பேர் அப்பிடித்தான் சொல்லீனம். பேர் போதும்" என்று விட்டு உள்ளே போனார்.

மணி அடிக்குமுன் ரெனாட்டேயிடம் கேட்டேன், "என்னெண்டு கும்பிட?"

அவள் யோசித்தாள். தான் பாட வேணும் என்று கேட்டால், மற்றவளுக்குக் குரல் போக வேணும் என்றுதானே பொருள். "அவவுக்குச் சுகம் வரவேணும் எண்டு கும்பிடு" என்றாள்.

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடினேன். பிள்ளையாரே, அந்தப் பெரிய பாடகியின் தொண்டையைக் கட்டு, ஒரே ஒரு இரவுக்குக் கட்டு என்று கும்பிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கும்பிட்டேன்.

சனிக்கிழமை மதியம் ரெனாட்டே அக்கா வீட்டுக்குப் போன் எடுத்தாள். நாலு மணிக்கு முடிவு சொல்வார்களாம். குரல் வித்தியாசமாக இருந்தது. காலையிலேயே பாடிப் பார்த்துச் சூடாக்கியிருந்தாள். நான் பெட்டியை அடுக்கினேன். அக்கா இடியப்பத்தைப் பார்சல் கட்டினா. நாலரைக்கு மறுபடி போன்.

"பாடுவாவாம்" என்றாள் ரெனாட்டே. "மருந்து எடுத்தவவாம். நீ வா. டிக்கெட் கிடக்கு."

ஐந்தே முக்காலுக்கு அரங்கில் பெட்டியைக் கோட் வைக்கும் இடத்தில் கொடுத்தேன். ஆறரைக்குத் தொடக்கம். முதலாம் அங்கத்தில் பெரிய பாடகியின் ஒவ்வொரு வரிக்கும் நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாம் அங்கத்தில் ஓரிடத்தில் கொஞ்சம் கரகரத்தது. தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு மேலே போய்விட்டார். எட்டரைக்கு இரண்டாவது இடைவேளை. மூன்றாம் அங்கம் எட்டு ஐம்பத்தைந்துக்கு. பஸ் ஒன்பதரைக்கு, கால் மணி முன்னதாக நிற்க வேண்டும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு வந்தபோது ரெனாட்டே அங்கே நின்றாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முகத்தில் பவுடர் இல்லை.

"போயிட்டு வாறன்" என்றேன். "இன்னும் ஒரு அங்கம் கிடக்கு. நிக்கட்டோ?"

"விசர்க் கதை கதைக்காதை. அவ நல்லாத்தான் பாடுறா. இனி ஒண்டும் நடக்காது. உன்ர பேப்பரை யோசி. அனுமதி முடிஞ்சு நிண்டால் உன்னைத் திரும்ப ஆர் உள்ள எடுக்கிறது?"

அவள் என் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் நான் அவளுக்குச் செய்த வேலை.

லெஸ்டர் ஸ்குவேரில் ரயில் ஏறி, கிரீன் பார்க்கில் மாறி, ஒன்பது மணிக்கு விக்டோரியா. பஸ் நிலையம் அங்கிருந்து பத்து நிமிட நடை, பெட்டியோடு பதினைந்து. ஒன்பதரைக்குச் சரியாகப் பஸ் வெளிக்கிட்டது. தேம்ஸ் பாலத்தில் ஏறும்போது இடியப்பப் பார்சலை அவிழ்த்தேன். ஞாயிறு பத்து மணிக்கு டோர்ட்முண்ட்.

ஞாயிறு பின்னேரம் போன் அடித்தது. "நான்தான்" என்றாள் ரெனாட்டே. பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

"என்ன, சுகமில்லையோ?"

"நான் பாடினனான்" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். நான் போய்ப் பத்து நிமிடத்தில் அவளுடைய அறைக் கதவைத் தட்டினார்கள். இடைவேளையில் பெரிய பாடகி வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்ததாம். மருந்தின் வேகத்தில் இரண்டு அங்கம் பாடி, அதோடு குரல் நின்றுவிட்டது. அழுதுகொண்டே தன்னுடைய சால்வையைக் கழற்றி ரெனாட்டேயின் தோளில் போட்டாராம். அரங்க நிர்வாகி திரைக்கு முன்னால் போய் ஓர் அறிவிப்புச் செய்ய, மண்டபம் முழுக்க ஒரு 'ஓ' எழுந்தது. அந்த ஏமாற்றத்துக்குள்தான் அவள் போய் நின்றாள்.

எனக்கு வாயில் வந்த கேள்வி எப்படிப் பாடினாய் என்பதல்ல. "உடுப்பு?" என்றேன். "உனக்கு அளவெடுத்த உடுப்பு?"

"அதைத் தேடி எடுக்க நேரம் இல்லை. அவவின்ரதைத்தான் போட்டனான். இடுப்புப் பெரிசு."

"எத்தனை ஊசி குத்தினவை?"

"பதினொண்டு. ஒண்டு பாட்டு முழுக்கக் குத்திக்கொண்டு இருந்தது. நீயெண்டால் அப்பிடிக் குத்தியிருக்கமாட்டாய்."

நான் அப்போதுதான் அழத் தொடங்கினேன். அவள் காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "நீ போயிட்டாய் எண்டு தெரியும். எண்டாலும் நாலாம் வரிசையைப் பார்த்தனான். உன்ர கதிரையில ஆரோ ஒரு மனுசன் வந்து இருந்திட்டான். கோட்டை மடியில வைச்சுக்கொண்டு."

"ரெனாட்டே, கோயில்ல நான் என்னெண்டு கும்பிட்டனான் தெரியுமோ? அவவின்ர தொண்டையைக் கட்டச் சொல்லிக் கும்பிட்டனான்."



"நானும்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு பெரிய பாடகி மூன்று நாளில் சுகமாகி வந்துவிட்டார். ஒரு பத்திரிகையில் கடைசிப் பந்தியில் ரெனாட்டேயைப் பற்றி ஒரு வரி வந்தது, பெயரில் எழுத்துப் பிழையோடு. அந்த வரியை வெட்டி எனக்கு அனுப்பினாள். ஓர் ஆறு மாதம் அவள் வேறு அரங்குகளிலிருந்து கடிதம் வரும் என்று பார்த்திருந்தாள். வரவில்லை. அந்தப் பாட்டு ஒலிப்பதிவிலும் இல்லை. எனக்காக ஒருதரம் போனில் பாடு என்று கேட்டேன். அது மைக்குக்கோ போனுக்கோ எழுதின பாட்டு இல்லை என்று மறுத்துவிட்டாள். 1997இல் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவள் லண்டனிலேயே இருந்து, ஆங்கிலப் பாடகர்களுக்கு ஜெர்மன் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கிற வேலை தேடிக்கொண்டாள்.

அனுமதிப் பத்திரத்தை நினைத்து எனக்குக் கோபம் வரும். அந்தத் திங்கட்கிழமை அலுவலகத்தில் முத்திரை குத்த எடுத்தது நான்கு நிமிடம். ஆனால் அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் இன்றைக்கு ஒரு நாட்டில் இருக்கிறேன் என்பதும் தெரியும். அவள் பாடிய அதே நேரம் நான் பஸ்ஸில் இருந்து இடியப்பம் சாப்பிட்டதை மட்டும் இப்போதும் மறக்க முடியவில்லை.

கேட்ட வாசகிக்கு விவரங்கள். வந்த அன்றும் திரும்புகிற அன்றும் ஓபரா வைக்காதீர்கள். நீளமானவை நாலு மணி நேரத்துக்கு மேல் போகும். மேல்தட்டில் மலிவான இருக்கைகள் இருக்கும், மேடை சின்னதாகத் தெரியும், ஆனால் குரல் அங்கேதான் நன்றாக வந்து சேரும். படி ஏற ஏலாதவர்கள் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய பெட்டியை எல்லா இடத்திலும் வாங்கமாட்டார்கள். கதையை முதலே வாசித்துக்கொண்டு போங்கள். பட்டுச்சேலை தேவையில்லை, கம்பளி மேலாடை தேவை. அறிவிப்பாளர் திரைக்கு முன்னால் வந்து, இன்று பாடுபவர் மாறியிருக்கிறார் என்று சொன்னால் தயவுசெய்து 'ஓ' என்று சத்தமிடாதீர்கள்.

நான் மறுபடி போனது 1998 அக்டோபரில், புது ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு. டோவரில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேறொரு அரங்கில் அதே சத்திரக்காரியின் கதையைப் போட்டிருந்தார்கள். மேல்தட்டில், ஆளுக்கு எட்டுப் பவுண்டு, ரெனாட்டேயும் நானும் பக்கத்தில் பக்கத்தில். அவளோடு மேடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல்தரம்.

மூன்றாம் அங்கத்தில் விளக்கு மங்கி, சத்திரக்காரி தனியாக வந்து நின்றாள். வாத்தியங்கள் தொடங்கின. அவள் வாய் திறக்குமுன் என் பக்கத்தில் ரெனாட்டே ஆழமாக மூச்சு எடுத்தாள். அடுத்த வரிக்கும் எடுத்தாள். உதடு அசையவில்லை, சத்தம் இல்லை. ஆனால் விலா விரிந்து கோட்டின் துணி என் கையில் உரசியது. மேடையில் வரி நீளும்வரை இங்கே மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. நாற்பது நிமிடமும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் நான் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையோரத்து அசைவை மட்டும் கவனித்தேன். எங்கே எடுக்கிறாள், எங்கே பிடித்து வைத்திருக்கிறாள், எங்கே விடுகிறாள் என்று.

திரை விழுந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ரெனாட்டேயும் தட்டினாள், மரியாதையாக, கொஞ்ச நேரம். பிறகு என் காதருகே குனிந்து சொன்னாள்:

"ஆத்தைப் பற்றிப் பாடுற இடத்தில அவ நடுவில ஒரு மூச்சு எடுத்தவ, கவனிச்சனியோ? அதில எடுக்கக்கூடாது. நான் எடுக்கேல்லை."

"ஓம்," என்றேன். "நீ எடுக்கேல்லை."